இலங்கை தெரியுது... இது தெரியலையே!

தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறீர்களா? அரிச்சல்முனையில் நின்று செல்போனை எடுத்துப் பார்த்தால், சமயத்தில் அது இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு, 'வருக வருக' என்று மெசேஜ் கொடுக்கும். நடுவில் 25, 30 கிலோமீட்டர் கடல்!

அப்பேர்ப்பட்ட கடற்கரைக்காரன் நான். என் வீட்டு மேஜையில் லேப்டாப். அதற்கு ஒரு சாண் தள்ளி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் புளூடூத் ஸ்பீக்கர். இந்த ஒரு சாணைத் தாண்ட முடியாமல் லேப்டாப் நான்கு நாளாய், 'தேடுகிறேன்... தேடுகிறேன்...' என்று சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது!

ஸ்பீக்கர் எனக்கில்லை. அம்மாவுக்கு. வயது 78. காது மந்தம். ஒரு காலத்தில் கடல் தாண்டி வரும் இலங்கை வானொலியை, கரகரப்புக்கு நடுவே ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள். இப்போது வளைகுடாவில் இருக்கும் என் தம்பி வெள்ளிக்கிழமை தோறும் லேப்டாப்பில் முகம் காட்டிப் பேசினால், பாதிதான் காதில் விழுகிறது.

"வேலை ஜாஸ்திம்மா!"

"சீலா ஜாஸ்தியா? இங்கே கண்ணுலயே காணோம்ப்பா. நீ நல்லா வாங்கிச் சாப்பிடு!"

சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியாது. தம்பி சொல்வதை நான்தான் அம்மா காதருகே போய்த் திரும்பச் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் வேலை. ஒன்றிரண்டு சமாசாரங்களுக்கு நடுவில் கத்தரியும் போடுவேன் என்பது வேறு விஷயம்.

லேப்டாப் செகண்ட்ஹேண்ட். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது சென்னையிலிருக்கும் அக்கா மகன். லினக்ஸ் என்றதும் ஏதோ அந்நிய சமாசாரம் என்று பயப்பட வேண்டாம். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்து வைத்தது. காசு கிடையாது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தர ஆரம்பித்தபோது, விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்த 'பாஸ்' நம் சென்னை சி-டாக் நிறுவனத்தில் தயாரானது.

வியாழக்கிழமை ராத்திரி மருமகனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, ஸ்பீக்கரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடவா?"

"அவசரப்படாதீங்க மாமா. டெர்மினலைத் திறந்து 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'னு அடிங்க. என்ன வருது?"

இரண்டு பத்தி வந்தது. வைஃபைக்கு 'நோ' என்றும், புளூடூத்துக்கு 'சாஃப்ட் பிளாக்டு - எஸ்' என்றும் இருந்தது.

"அட, ரேடியோவையே அணைச்சு வச்சுட்டுத் தேடுறீங்க! விமானப் படம் போட்ட பொத்தானை எப்பவாவது அமுக்கினீங்களா?"

அமுக்கியிருக்கிறேன். போன வாரம், பிரகாசத்தைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு! நெட் போனதும் வைஃபையை மட்டும் திரும்பப் போட்டேன். புளூடூத் அப்படியே கிடந்திருக்கிறது. பாம்பன் பாலத்தைக் கப்பலுக்காகத் தூக்கி வைத்துவிட்டு, 'ரயில் ஏன் வரலே' என்று மண்டபத்தைத் திட்டின கதைதான்.

'ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்' என்று அடித்தேன். தடை நீங்கியது. அடுத்து 'புளூடூத்சிடிஎல்'. அதற்குள் போய் 'பவர் ஆன்', பிறகு 'ஸ்கேன் ஆன்'.

வரிசையாக வந்தன பாருங்கள்! பக்கத்து வீட்டு டி.வி., யாருடையதோ ஒரு வாட்ச், எண்ணும் எழுத்துமாக இன்னும் நாலைந்து. எங்கள் தெருவில் இத்தனை வசதி இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் வந்ததே தவிர, என் ஸ்பீக்கர் வரவில்லை.

இங்கேதான் சூட்சுமம். புளூடூத் கருவி எப்போதும் தெருவில் நின்று 'நான் இருக்கேன்' என்று கத்திக்கொண்டிருக்காது. லேப்டாப், 'யாரப்பா இருக்கீங்க?' என்று ஒரு கூப்பாடு போடும். பேர் கொடுக்கத் தயாராய் இருக்கிற கருவி மட்டும்தான் பதில் சொல்லும். ஏற்கெனவே வேறொன்றோடு ஜோடி சேர்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் வாயே திறக்காது. அதுவும் பேச்சு ஒரே அலைவரிசையில் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 79 பாதைகளில், விநாடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் பேசுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கச் சில விநாடிகள் பிடிக்கும். பொறுமை வேண்டும்.

"மாமா, அந்த ஸ்பீக்கரை முதல்ல யார் போன்ல டெஸ்ட் பண்ணீங்க?"

எனக்குச் சொரேர் என்றது. அடுக்களைப் பக்கம் திரும்பினேன். என் மனைவியின் போன் அரிசி டின் மேல் கிடந்தது. திறந்து பார்த்தால், 'இணைக்கப்பட்டுள்ளது'! ஸ்பீக்கரை ஆன் செய்த ஒவ்வொரு தடவையும் அது சத்தமில்லாமல் பழைய ஜோடியிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"என் போன் மேல ஏன் பழி போடுறீங்க? வாங்கினதும் டெஸ்ட் பண்ணுன்னு சொன்னது யாரு?" என்றாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

போனில் புளூடூத்தை அணைத்தேன். ஸ்பீக்கர் பொத்தானை, விளக்கு படபடவென்று சிமிட்டும்வரை அமுக்கிப் பிடித்தேன். பத்தே விநாடி. திரையில் வந்துவிட்டது பெயர்! 'பேர்', 'டிரஸ்ட்', 'கனெக்ட்' - மூன்று கட்டளை, மூன்று முடிச்சு. முடிந்தது கல்யாணம்.

புளூடூத் என்ற பெயரே, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயர். 'நீலப்பல்' என்று அர்த்தம். பிரிந்து கிடந்தவர்களைச் சேர்த்து வைத்த ராஜாவாம். அதனால் இந்தப் பெயரை யோசனை சொன்னவர், இன்டெல் கம்பெனியின் ஜிம் கார்டாக்.

நீங்களும் இப்படித் தவித்தால், இந்த வரிசையில் பாருங்கள்:

1. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' - தடை இருக்கிறதா?

2. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் புளூடூத்' - சர்வீஸ் ஓடுகிறதா?

3. 'புளூடூத்சிடிஎல் லிஸ்ட்' - அடாப்டர் பெயர் வருகிறதா? வராவிட்டால் டிரைவர் கோளாறாகவோ, ஃபர்ம்வேர் இல்லாமலோ இருக்கலாம்.

4. வீட்டிலுள்ள மற்ற போன்கள் கருவியை வளைத்துப் போட்டிருக்கின்றனவா?

5. கருவி ஜோடி சேரும் நிலையில் சிமிட்டுகிறதா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா கழுத்தில் ஸ்பீக்கரை மாட்டினேன். "என்னடா இது, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி?" என்றாள். தம்பி வந்தான்.

"அம்மா, சாப்டியா?"

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். பதில் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியது. அப்புறம் இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். எனக்கு வேலையே இல்லை. வாசலில் போய் நின்றேன்.

முடிந்ததும் அம்மா கூப்பிட்டாள்.

"தம்பிக்கு எத்தனை நாளாடா இருமல்?"

நான் விழித்தேன். "மூணு வாரமா..."

"நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னே சொல்லிக்கிட்டிருந்தியே. நீ எதையோ முழுங்குறேன்னு எனக்குத் தெரியும்டா. காதுதான் கேக்கலே. அதைவிடப் பெருசா எதுவோன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கலே. இருமல்தானே... டாக்டரைப் பாக்கச் சொல்லிட்டேன்."

ஸ்பீக்கரைக் கழற்றிக் கொடுத்தவள், "சார்ஜ் போட்டு வை" என்றாள்.

அன்றோடு என் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பறிபோனது. கத்தரியையும் ஒப்படைத்துவிட்டேன்!