பெண்கள் கால்பந்தும் ஆடுகளமும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள்" என்பது நம் நாட்டுப் பழமொழி. தம் குறையை மறைக்க இடத்தின்மேல் பழி சுமத்துவோரை இடித்துரைக்க எழுந்த மொழி அது. ஆயினும், கூடம் உண்மையாகவே கோணலாக இருப்பதும் உண்டு; கூடமே இல்லாமற் போவதும் உண்டு. அந்நிலையில் ஆட விரும்புவோர் யாது செய்வது? பெண்கள் கால்பந்துக் குழு ஒன்றிற்குப் பயிற்சிக்கும் போட்டிக்கும் உரிய இடம் தேடுவது எவ்வாறு என்பதைப் பற்றி, மாணவ மாணவியராகிய உங்களோடு சிறிது நேரம் பேச விழைகின்றேன். பேச்சு வெறுங்கற்பனையாகப் போய்விடாதிருக்க, நமக்கு அண்மையில் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

திருப்பெரும்பூதூர், வைணவ ஆசாரியராகிய இராமாநுசர் பிறந்த ஊர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில் வல்லம், ஒரகடம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த நிலங்கள் அவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலைகளும் பெருகின. அவ்வாலைகளில் பணிபுரிவோருள் பெருந்தொகையினர் இளம்பெண்கள். 2019–20ஆம் ஆண்டின் தொழில் கணக்கெடுப்பு, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருந்தனர் என்று காட்டுகின்றது. 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி ஒன்று திறக்கப்பெற்றது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம்.

இந்த எண்ணைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒருத்திக்குக் கால்பந்தில் விருப்பம் இருந்தாலும் பதினெட்டுப் பேர் தேறுவர். களத்தில் இறங்கப் பதினொருவர். மாற்று ஆட்டக்காரர் எழுவர். ஒரே விடுதியில் ஒரு முழுக் குழு இருக்கின்றது! ஆட்டக்காரரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அவர்கள் ஆடுவதற்குரிய களத்தைத்தான் தேடவேண்டும்.

தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்து ஆடுவது புதுமையன்று. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்னும் ஊரில் டிக் கெர் என்றொரு தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப்போரின்போது அது போர்த்தளவாடங்கள் செய்தது. ஆடவர் போர்முனைக்குச் சென்றமையால் பெண்கள் வேலைக்கு வந்தனர். இடைவேளைகளில் முற்றத்தில் பந்தாடிய அவர்கள் 1917இல் ஒரு குழுவாயினர். மருத்துவமனைகளுக்கும் அறச்செயல்களுக்கும் நிதி திரட்ட ஊர் ஊராக ஆடினர். 1920 டிசம்பர் 26ஆம் நாள் லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தை 53,000 பேர் கண்டனர். இடமின்றித் திரும்பியவர் பல்லாயிரவர்.

அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5ஆம் நாள், ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்றும், சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தம் திடல்களைப் பெண்களின் ஆட்டத்திற்குத் தரலாகாது என்றும் அது கூறியது. பெண்கள் பந்தைத் தொடலாகாது என்று எவரும் சொல்லவில்லை. திடலின் கதவை மட்டும் சாத்தினார்கள். அது போதுமானதாயிற்று. டிக் கெர் குழுவினர் பூங்காக்களிலும் வேறு ஆட்டங்களுக்குரிய களங்களிலும் ஆடி 1965 வரை தாக்குப்பிடித்தனர். ஆனால் பல குழுக்கள் மறைந்தன. அத்தடை விலகி, கழகத் திடல்கள் பெண்களுக்கு மீண்டும் திறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஓர் ஆட்டத்தை அடக்கச் சட்டமும் காவலரும் வேண்டுவதில்லை என்பதும், ஒரு பூட்டுப் போதும் என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நம் நாட்டில் அத்தகைய தீர்மானம் எதுவும் இல்லை. 1975இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தோன்றியது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. தமிழ்நாட்டு மகளிர் 2018இலும் 2023இலும் தேசிய வாகையர் ஆயினர். மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று இந்திய மகளிர் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். திறமை இருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயினும், இந்திய மகளிர் லீக்கில் ஒவ்வொரு குழுவும் தன் ஊரிலும் எதிர்க்குழுவின் ஊரிலும் ஆடும் முறை 2023–24ஆம் பருவத்தில்தான் முதன்முதலில் வந்தது. அதற்கு முன் எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடி ஆடிக் கலைந்தன. தன் ஊரில் ஆடாத குழுவைத் தன் ஊர்ச் சிறுமி எவ்வாறு காண்பாள்? கண்டாலன்றோ தானும் ஆட விரும்புவாள்!

இனி, களம் என்பது எத்துணைப் பெரியது என்று பார்ப்போம். ஆட்ட விதிகளின்படி களத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையும் இருக்கலாம். மிகச் சிறிய அளவை எடுத்துப் பெருக்கினால் 4,050 சதுர மீட்டர்; அஃதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். பெரிய போட்டிகளுக்கு விரும்பப்படும் அளவு நீளம் 105, அகலம் 68 மீட்டர். சுற்றிலும் ஐந்து மீட்டர் வெற்றிடம் விட்டால் இரண்டேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வரும். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இவ்வளவுகள் ஆடவர்க்கும் மகளிர்க்கும் பொதுவானவை.

ஆனால், பயிற்சிக்கு இத்துணை நிலம் நாள்தோறும் வேண்டுவதில்லை. ஐவர் ஆட்டத்திற்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும். 800 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் இருபது சென்ட். பந்தை அடக்குதல், குறுகிய தூரம் தட்டிக் கொடுத்தல், எதிரியைக் கடத்தல் ஆகியவற்றைப் பெருந்திடலைவிடச் சிறுகளத்தில் விரைவாகக் கற்கலாம். ஏனெனில் அங்கே ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். நீண்ட உதை, மூலை உதை, அணிவகுப்பு ஆகியவற்றிற்கே முழுக்களம் தேவை. ஆகவே, நாள்தோறும் இருபது சென்ட், வாரம் ஒருமுறை இரண்டு ஏக்கர் என்று தேவையைப் பிரித்துக்கொண்டால், கிட்டாத பொருள் கிட்டும் பொருளாகிவிடும்.

இவ்வாறு பிரிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆலைகளில் வேலை பெரும்பாலும் மூன்று ஷிப்டுகளாக நடைபெறுகின்றது. காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை, இரண்டு முதல் இரவு பத்து வரை, பத்து முதல் விடியல் ஆறு வரை என்று கொள்வோம். பதினெட்டுப் பேரும் மூன்று ஷிப்டிலும் சமமாகப் பிரிந்திருந்தால், ஒவ்வொன்றிலும் அறுவர் இருப்பர். மாலை ஐந்து மணிக்குக் காலை ஷிப்டினர் ஓய்வாக இருப்பர். இரவு ஷிப்டினரும் உறங்கி எழுந்திருப்பர். ஆகப் பன்னிருவர். இரண்டாம் ஷிப்டினர் அறுவரும் காலை ஏழு மணிக்கு வரலாம். எனவே நாளுக்கு இருவேளை சிறுகளம் வேண்டும். அது விடுதிக்கு நடந்து செல்லும் தொலைவிலும் இருத்தல் வேண்டும். எட்டு மணி நேரம் உழைத்தவளை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் செய்து பயிற்சிக்கு வா என்றால், இரண்டாம் வாரத்தில் அவள் வரமாட்டாள்.

போட்டிக்குரிய திடலில் வேறு சிலவற்றையும் ஆராய வேண்டும். முதலாவது தரை. மேடுபள்ளமான நிலத்தில் ஓடித் திரும்பும்போது முழங்கால் பிசகும். முழங்காலின் உட்புற நார் அறுந்துபோகும் விபத்து, ஆடவரைவிடப் பெண் ஆட்டக்காரர்க்கு மிகுதியாக நேர்கின்றது என்பது மருத்துவர் கண்ட உண்மை. இரண்டாவது நீர்வடிகால். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் பகுதி இது. களத்தின் நடுப்பகுதி சற்றே உயர்ந்து, நூறு அடிக்கு ஓர் அடி என்னும் அளவில் இருபுறமும் சரிந்திருந்தால் மழைநீர் தேங்காது. மூன்றாவது திசை. கோல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமையவேண்டும்; கிழக்கு மேற்காக அமைந்தால், மாலை வெயில் ஒரு கோல் காப்பாளரின் கண்ணில் அறையும்.

நான்காவதாகக் கூறுவதைப் பலர் கடைசியில் நினைக்கின்றனர், நினையாமலும் விடுகின்றனர். தாழிட்டுக்கொள்ளத்தக்க உடைமாற்றும் அறை, தண்ணீருள்ள கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி, திடலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை விளக்குள்ள பாதை ஆகியவை வேண்டும். இவை இல்லாத திடல், பசும்புல் போர்த்திருந்தாலும், பெண்களுக்குத் திடலாகாது. பெற்றோர் முதலில் கேட்பது கோல் கம்பத்தைப் பற்றியன்று, "எத்தனை மணிக்குத் திரும்புவாள்? எந்த வழியாய் வருவாள்?" என்பதையே.

அத்தகைய இடம் எங்கே கிடைக்கும்? ஏரிப்படுகைகள் கோடையில் விரிந்து கிடக்கும். சிறுவர் அங்கே ஆடுவர். ஆனால் மழைக்காலத்தில் அவை நீரின் வீடு. அங்குக் கட்டடம் எழுப்புதலும் தகாது. ஊராட்சிப் புறம்போக்கு நிலம் கிடைக்குமாயின் நன்று. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு பொதுவெளியாக ஒதுக்கப்பெறும் விதியும் உண்டு. அவ்வொதுக்கீடு எங்கே இருக்கின்றது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம். வாடகைக்கு விடும் செயற்கைப்புல் களங்கள் இரவில் ஒளியோடு கிடைக்கும். எனினும் பகலில் அவை கொதிக்கும், கட்டணமும் மணிக்கணக்கில் ஏறும். காஞ்சிபுரத்து மாவட்ட விளையாட்டரங்கம் போட்டிக்கு ஏற்றது. அன்றாடப் பயிற்சிக்குத் தொலைவு. ஆலைகளும் விடுதிகளும் தம் வளாகத்தில் இருபது சென்ட் ஒதுக்குதல் பெருஞ்செலவாகாது. எல்லாவற்றினும் அண்மையில் இருப்பவை பள்ளி, கல்லூரித் திடல்களே. மாலையிலும் விடுமுறையிலும் அவற்றுட் பல வாளா கிடக்கின்றன.

பள்ளி நடத்தியவன் என்ற முறையில், தலைமையாசிரியரின் அச்சத்தை நான் அறிவேன். பொருள் உடைந்தால் யார் பொறுப்பு? சாவி யாரிடம்? ஒருவர் காலொடிந்தால் என்ன செய்வது? இவ்வினாக்களுக்கு விடையை வாய்மொழியாக விடாது, தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். எந்த நாள், எந்த மணி, யார் பொறுப்பாளர், விளக்குச் செலவும் துப்புரவுச் செலவும் யாருடையவை, காயத்திற்குக் காப்பீடு உண்டா, மழைநாளில் யார் முடிவு செய்வது என்னும் ஆறும் ஒரு பக்கத்தில் அடங்கும். அப்பக்கத்தோடு வருபவர்க்குக் கதவு திறக்கும்.

குறித்த மணி என்பதன் அருமையை நான் பணியிற் கண்டேன். நான் பொறுப்பேற்ற பள்ளி ஒன்றில் திடல் எல்லார்க்கும் பொது என்றே வழங்கிற்று. ஆயினும் மாலை நான்கு மணிக்கு அது சிறுவர் கையில் இருக்கும். சிறுமியர் மதிலோரத்தில் நிற்பர். செவ்வாயும் வியாழனும் சிறுமியர்க்கு உரியவை என்று கால அட்டவணையில் எழுதி ஒட்டினோம். முதல் நாள் ஒன்பது பேர் வந்தனர்; அப்பருவம் முடிவதற்குள் இரு குழுக்கள் ஆடின. திடலின் அளவு ஓர் அங்குலமும் கூடவில்லை. "பொது" என்ற சொல்லின் நிழலில், வலியவர்க்கே உரியதாய் இருந்த இடம் பகிர்ந்தளிக்கப்பட்டது, அவ்வளவே.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரில் இதனைச் செய்து பார்க்கலாம். ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள திறந்தவெளிகளை அளந்து, இருபது சென்ட் எங்கே, இரண்டு ஏக்கர் எங்கே என்று குறியுங்கள். ஒவ்வொன்றும் வாரத்தில் எத்தனை மணி நேரம் யாரால் பயன்படுகின்றது, கழிப்பறை உண்டா, விளக்கு உண்டா என்பனவற்றையும் எழுதுங்கள். பிறகு பெண்கள் ஆடும் மணிகளை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். அக்கூட்டுத்தொகை சுழியமாக வருமாயின், நிலப்படத்தையும் கணக்கையும் ஊராட்சித் தலைவரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ கொண்டுபோய்க் காட்டி, வாரத்திற்கு இரண்டு மணி நேரம் கேளுங்கள். வல்லத்திலும் ஒரகடத்திலும் ஷிப்டு முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்களுள் பலர் பள்ளிநாளில் பந்தாடியவர்களாக இருப்பர். அவர்கள் மீண்டும் காலணியைக் கட்டுவதற்கு அந்த இரண்டு மணி நேரம் போதும்.