நாடி பிடித்துப் பார்க்கும் வீடியோ கேம்

ஒரு சமையலறை. பயந்தால் அங்கே பால் நிரம்பத் தொடங்கும். படபடப்பு கூடக் கூட மட்டம் ஏறும். மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு மனசை அடக்கினால்தான் வடியும். 2015-ல் வெளியான ‘நெவர்மைண்ட்’ விளையாட்டில் வரும் காட்சி இது. ஆடுபவரின் இதயத்துடிப்பை சென்சார் மூலம் கவனித்து, அவர் பதறும்போதெல்லாம் சூழலைக் கடினமாக்குகிறது. இதை உருவாக்கிய எரின் ரெனால்ட்ஸ், அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆய்வுத் திட்டமாக இதைத் தொடங்கினார்.

ஆடுபவரின் உடலைப் படிக்கும் ஆசை பழையது. 1998-லேயே ஜப்பானில் ‘டெட்ரிஸ் 64’ விளையாட்டுடன் காதில் மாட்டும் சென்சார் விற்பனைக்கு வந்தது. நாடித்துடிப்புக்கு ஏற்ப ஆட்டத்தின் வேகம் மாறியது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்து உளவியலாளர் மைக் ஆம்பிண்டர், தங்கள் சோதனைகளை 2011-ல் விளக்கினார். அவற்றில் ஒன்றில் நான்கு நிமிடத்தில் 100 எதிரிகளை வீழ்த்த வேண்டும். ஆடுபவர் பதறினால் கடிகாரம் வேகமாக ஓடும்.

நாடியைப் போலவே வியர்வையும் பதற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். மனம் கிளர்ந்தால் உள்ளங்கையின் வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். விரலில் மாட்டிய சென்சார் அதை அளக்கும். ஆனால், அதற்குத் தெரிவது கிளர்ச்சியின் அளவு மட்டுமே. பயமா, குதூகலமா, எரிச்சலா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

உடல்வாகும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால்தான், 2009-ல் நிண்டெண்டோ நிறுவனம் அறிவித்த, நாடித்துடிப்பை அளக்கும் ‘வீ வைட்டாலிட்டி சென்சார்’ கடைசிவரை கடைக்கு வரவில்லை. அன்றைய தலைவர் சடோரு இவாட்டா 2013-ல் காரணம் சொன்னார்: நூறில் தொண்ணூறு பேருக்குச் சரியாக வேலை செய்தால் போதாது, ஆயிரத்தில் 999 பேருக்குச் செய்ய வேண்டும். பாராட்ட வேண்டிய கண்டிப்பு அது. தன் உடலைத் தவறாகப் படிக்கும் கருவியிடம் ஒரு குழந்தை காரணமே தெரியாமல் தோற்கக் கூடாது.

இன்னொரு கண்டிப்பும் தேவை. எந்த நொடியில் நாம் தளர்கிறோம் என்று தெரிந்த விளையாட்டு, சரியாக அந்த நொடியில் காசு கேட்கவும் முடியும். ஆகவே, துடிப்பின் பதிவு ஆடுபவரின் கருவியிலேயே இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அழிய வேண்டும். விற்பனைக்கு அதைத் தொடவே கூடாது.

‘நெவர்மைண்ட்’ நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. பயமுறுத்துவதோடு அது நிற்கவில்லை. பயத்தின் நடுவிலும் நிதானத்துக்குத் திரும்பப் பழக்குகிறது. பரீட்சை அறையிலும் நேர்காணலிலும் கைகொடுக்கும் பழக்கம் அது. நம் துடிப்பைக் கேட்கும் விளையாட்டுகள் இந்தத் திசையில்தான் வளர வேண்டும்.