அட்டவணையும் அச்சுக்கோப்பும்

எண்களை வாக்கியத்துள் அடுக்கிச் சொல்லுங்கால் படிப்போர் உள்ளம் களைப்புறும். அவற்றையே நிரையும் நிரலுமாக வகுத்து வைப்பின், ஒப்புமையும் வேற்றுமையும் ஒரு நோக்கிலேயே புலப்படும். ஆயினும், வகுத்தல் மட்டும் போதாது. எண்களை நிறுத்தும் முறையும் செவ்வையாதல் வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மத்திய மாகாணத்தின் மக்கட்டொகையை எடுத்துக்கொள்வோம். மஹய்யாவ உள்ளடங்கிய கண்டி மாவட்டம் 1,375,382, மாத்தளை 484,531, நுவரெலியா 711,644, மொத்தம் 2,571,557. இவற்றை இடப்புறம் ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டால், கண்டியின் பத்திலட்சத்தைக் குறிக்கும் 1இன் கீழே நுவரெலியாவின் ஏழிலட்சத்தைக் குறிக்கும் 7 வந்து நிற்கும். விரைந்து நோக்குவோர் சிறியதைப் பெரியதென மயங்குவர். கூட்டிச் சரிபார்க்கும் மாணவனும் இடர்ப்படுவான். வலப்புறம் ஒட்டி நிறுத்தினாலோ ஒன்றினிடத்தின் கீழ் ஒன்றினிடமும், பத்தினிடத்தின் கீழ்ப் பத்தினிடமும் அமையும். தசமங்கள் வருமிடத்துத் தசமப் புள்ளிகளே ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். ஊர்ப்பெயர் முதலிய சொற்கள் இடப்புறம் ஒட்டி நிற்பதே வாசிப்புக்கு எளிது.

ஈய எழுத்துக் காலத்தில் எண்ணுருக்கள் பெரும்பாலும் ஒரே அகலத்தில் வார்க்கப்பட்டமையால், அவை தாமாகவே நேர்நின்றன. தமிழெழுத்துக்கள் அத்தகையன அல்ல. ‘ர’ ஒடுங்கியது, ‘ணை’ அகன்றது. எனவே சொற்கள் வரும் நிரல்களில், அச்சுக்கோப்போர் இடைவெளிக் கட்டைகளை இட்டு வெற்றிடத்தை நிரப்பினர்.

அவ்வுழைப்பைக் கணினி ஏற்றமை பிற்கால நிகழ்ச்சி. அமெரிக்கக் கணினியியல் அறிஞர் டொனால்ட் கனூத், தம் நூலொன்றின் புதுப்பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றத்தால் மனநிறைவு கொள்ளாது, 1977இல் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு முறையை வகுக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லம்போர்ட் எழுப்பியதே ‘லேடெக்’.

இம்முறையில் எழுதுவோர் முதலில் ஒவ்வொரு நிரலும் இடம், வலம், நடு என்பவற்றுள் எவ்வாறு ஒட்டி நிற்கவேண்டுமென ஓரோர் எழுத்தால் அறிவிப்பர். பின்னர், நிரலுக்கு நிரல் ஒரு பிரிகுறியும், நிரை முடிவில் ஒரு முடிவுக்குறியும் இடுவர். கணினி அட்டவணை முழுவதையும் படித்து, ஒவ்வொரு நிரலிலும் மிக அகன்ற உறுப்பு எதுவெனக் கண்டு, அதன் அகலத்தையே நிரலின் அகலமாகக் கொள்ளும். ஆதலின் ‘நுவரெலியா’ என்னும் நெடும்பெயர் வரினும் நிரல் குலைவதில்லை. தலைப்பு மிக நீளமாயின், நிரலின் அகலத்தை எழுதுவோரே வரையறுத்து, அதனைப் பல வரிகளாக மடக்கலாம். 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ‘சீடெக்’ யுனிகோட் எழுத்துருக்களை நேரே ஏற்பதால், தமிழ் அட்டவணைகளும் இவ்வாறே அமைகின்றன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. எண்ணுருக்கள் ஒத்த அகலமுடையனவல்லாத எழுத்துருவைத் தேர்ந்தால், வலப்புறம் ஒட்டினும் இடங்கள் பிறழும். நிரல்களுக்கிடையே செங்குத்துக் கோடுகளை நிறைத்தல் இக்குறையைப் போக்காது. போதிய இடைவெளியும் சில கிடைக்கோடுகளுமே கண்ணுக்கு வழிகாட்டும்.

எவ்விடத்து எவ்வெண் நிற்கவேண்டுமெனத் துணிதல் கணினியின் கடனன்று. பொருளறிந்து எழுதுவோர் கடனாம். எண் பிழையின்றியிருந்தும் நிற்குமிடம் பிழைப்பின், படிப்போர் கொள்ளும் பொருளும் பிழைபடும்.