நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி: எதைப் பார்த்து வாங்குவது?

வார நாள்களில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும், விடுமுறையில் மலையடிவார முகாமுக்கும் ஒரே வண்டியை ஓட்ட நினைப்பவர், ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேலைகளை ஓர் இயந்திரத்திடம் கேட்கிறார். கரடுமுரடான பாதைக்கு உயர்ந்த அடிப்பகுதியும் கனமான சேசிஸும் வேகம் குறைந்த கியரும் தேவை. நகரச் சாலைக்கோ எடை குறைவாக, தாழ்வாக, இலகுவாகத் திரும்பும் வண்டிதான் நல்லது. புதிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாததால் பலரும் பழைய வண்டிச் சந்தைக்குத்தான் போகிறார்கள். அங்கே மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸி, ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, டாடா சஃபாரி ஸ்டார்ம், ரெனோ டஸ்டர் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. இரண்டு வேலைகளில் எது பெரிய பங்கு என்பதைப் பொறுத்தே விடை மாறும். பெரும்பாலானவர்களுக்கு அது நகர ஓட்டம்தான்.

முதலில், நான்கு சக்கரமும் இழுப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருளுகிறது. அதற்கு இடம் கொடுக்கத்தான் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சம முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். அதே குறைந்த விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலும் முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்று என இரண்டு சக்கரங்கள் பிடியை இழந்துவிட்டால் இதே நிலைதான்.

இதற்கு மருந்து, இரு பக்க அச்சையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக். கூர்க்காவில் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தொழிற்சாலையிலிருந்தே இந்தப் பூட்டு வருகிறது. மஹிந்திரா 2015 இல் மாற்றியமைத்த தாரில், பின் அச்சுக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்பு சேர்க்கப்பட்டது. ஜிம்னி போன்ற புதிய வண்டிகளில் வெறுமனே சுழலும் சக்கரத்தை மட்டும் மின்னணு முறையில் பிரேக் போட்டுப் பிடித்து, விசையை மறுபக்கம் திருப்புகிறார்கள். மண்பாதையில் போய் முகாம் போடுகிறவருக்கு இதுவே தாராளம்.

முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் 'லோ' கியர் அடுத்த முக்கியமான உறுப்பு. அது சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்காக்கி, அதே அளவுக்கு வேகத்தைக் குறைக்கிறது. செங்குத்தான கற்பாதையில் கிளட்ச்சைப் பாதி மிதித்துக் கருக்காமல், நடை வேகத்தில் ஏறவும் இறங்கவும் முடிவது இதனால்தான். டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் வகையில் இந்த லோ கியர் கிடையாது. முதல் கியரையே தாழ்வாக வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். ஆனால் அதன் சஸ்பென்ஷன் நான்கு சக்கரமும் தனித்தனியாக இயங்கும் வகை என்பதால், தினசரி ஓட்டத்தில் இந்தப் பட்டியலிலேயே அதுதான் மிகவும் சுகமானது.

தார், ஜிப்ஸி, ஜிம்னி போன்றவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் வீலில் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்படுகின்றன. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த நெடுஞ்சாலையில் அது முடியாது; முறுக்கம் உள்ளேயே தேங்கி, ஸ்டியரிங் இறுகி, பற்சக்கரங்கள் தேயும். சாலையில் எப்போதும் ஃபோர் வீலிலேயே ஓட்டினேன் என்று ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

பெயரை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் தாரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் விற்பனைக்கு வந்தது. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. சஃபாரி ஸ்டார்ம் தனி சேசிஸ் மீது உடலைப் பொருத்திய வண்டி, ஃபோர் வீல் வகையும் இருந்தது. 2021 இல் அதே சஃபாரி பெயரில் வந்த வண்டியில் முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். விளம்பரத்தில் உள்ள பெயரைவிட, கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஃபோர் வீலுக்கான இரண்டாவது கம்பியோ திருகு சுவிட்சோ இருக்கிறதா என்பதே நம்பத்தக்க சாட்சி.

தரையிலிருந்து அடிப்பகுதியின் உயரத்தை மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். 2020 தாருக்கு அது 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. இதைப்போலவே முக்கியமானவை மூன்று கோணங்கள்: மூக்கு இடிக்காமல் மேட்டில் ஏறும் கோணம், வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம், வால் உரசாமல் இறங்கும் கோணம். சக்கரங்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குறையக் குறைய முதலும் கடையும் கூடும். இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் குறைந்தால் நடுக்கோணம் கூடும். குட்டையான மூன்று கதவு வண்டி பாதையில் சாமர்த்தியமாகப் போவதும், நீளமான வண்டி வசதியாகப் படுக்க இடம் தருவதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு வந்தால் ஜிப்ஸியைப் பற்றி உணர்ச்சிவசப்படாமல் யோசிக்க வேண்டும். 1985 இல் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரிக்கப்பட்ட அந்த வண்டி ஏறத்தாழ ஒரு டன்தான் எடை. சேற்றில் அமிழாமல் மிதப்பதுபோல் போவதற்கு அதுவே காரணம். ஆனால் நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டைகள், இரு பக்கமும் ஒரே தண்டாக அச்சு. வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரியும். பழைய தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் மட்டும் பட்டைகள். இரண்டிலும் காற்றுப்பை கிடையாது. இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலை முதலும்தான் கட்டாயமாயின. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தினமும் நெடுஞ்சாலையில் போகும் குடும்பம் இந்த இரண்டும் உள்ள வண்டியையே வாங்க வேண்டும். குளோபல் என்காப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்ற 2020 தார் இங்கே முன்னைய தாரிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது.

எரிபொருள் தேர்விலும் தினசரி பயணத்தின் நீளம் தீர்ப்புச் சொல்லும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வருகிறது. அதில் சேரும் கரி எரிந்து சாம்பலாக ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தொடர்ந்து பல கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு நெரிசலில் போய்வரும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். மாற்றும் செலவு மிகப் பெரிது. அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோல் வண்டி மைலேஜ் குறைவாகக் கொடுத்தாலும் நிம்மதி.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மேலிருந்து தொடங்கக் கூடாது. பாலிஷ் போட்ட பானெட் எதையும் சொல்லாது. டார்ச்சுடன் அடியில் படுத்தால்தான் வண்டியின் கடந்தகாலம் தெரியும். சேசிஸ் நெடுகிலும் புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தால் அதற்குக் கீழே துரு இருக்கக்கூடும். ஸ்குரு டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஸ்பிரிங் பிணையும் இடங்களிலும் ஸ்டியரிங் பெட்டி சேசிஸில் பொருந்தும் இடத்திலும் வெல்டிங் தடயமோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்ப் காப்புத் தகட்டில் கீறல் இருப்பது இயல்பு; டிரான்ஸ்ஃபர் கேஸ் உறையே நசுங்கியிருந்தால் வண்டி முரட்டுத்தனமாக ஓட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அதைவிட முக்கியமான ஒரு சோதனை உண்டு, பலர் செய்வதில்லை. நீண்ட தூரம் ஓடியதில் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று ஆற்றுத் தண்ணீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. மேலே உள்ள சுவாசக் குழாய் அடைபட்டிருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கினாலோ அந்த வெற்றிடம் சீல்களின் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். எண்ணெய் தண்ணீருடன் கலந்து பால் கலந்த காபி நிறத்துக்கு மாறிவிடும்; மசகுத்தன்மை போய் பேரிங்கும் பற்சக்கரமும் தேயும். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், இரண்டு அச்சின் நிரப்பு நட்டையும் கழற்றி விரல்விட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் பாதிப்பு இன்னும் கடுமை: காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது என்பதால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஓட்டிப் பார்க்க ஒரு மண் மைதானம் வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், நிற்காத கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததையும், சூடான பிறகும் தொடரும் இனிப்பு வாசனை கொண்ட வெள்ளைப்புகை கூலன்ட் உள்ளே கசிவதையும் காட்டும். ஃபோர் வீல் ஹையிலும் லோவிலும் போட்டு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெல்ல நகர்த்தினால் லேசான இறுக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முன் அச்சுக்கு விசை போகவில்லை. இந்தக் கியரைப் பல ஆண்டு தொடாததால் இணைப்புகள் இறுகிப்போவது பழைய வண்டிகளில் சாதாரணம். முன்னும் பின்னுமாக மாற்றி நகர்த்தும்போது அடியில் 'டங்' என்று சத்தம் வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் இணைப்புகள் தேய்ந்திருக்கின்றன. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படிக்க வேண்டும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் முதிர்ந்திருக்கலாம்.

உருமாற்றிய வண்டிகளே சந்தையில் அதிகம் ஈர்க்கின்றன. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. விட்டம் 10 விழுக்காடு கூடிய டயர் போட்டால் மீட்டர் 80 காட்டும்போது உண்மையான வேகம் 88. கியர் விகிதம் கெடும், பிரேக் தூரம் நீளும், அச்சு மூட்டுகளில் சுமை ஏறும். சட்டமும் இதற்கு எதிர். உற்பத்தியாளர் பதிவு செய்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. முன்பக்க இரும்புத் தடுப்புகளை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது.

முகாமுக்கான கணக்கில் எடைதான் முதல். வண்டி தாங்கும் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது சுமைத்திறன். நான்கு பெரியவர்கள் ஏறினாலே 280 கிலோ போய்விடும். இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் 40 கிலோ. கூரைமேல் கட்டும் கூடாரம் 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அது ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, மலை வளைவில் வண்டி கவிழும் அபாயத்தைக் கூட்டுகிறது. கூரை தாங்கும் அளவு கையேட்டில் இருக்கும். உள்ளே படுக்க நினைப்பவர் அளவுநாடாவுடன் போய், இருக்கையை மடக்கிப் படுத்துப் பார்த்துவிட வேண்டும். மூன்று கதவு தாரில் நீட்டிப் படுக்க இடமில்லை, ஸ்டார்மில் உண்டு. ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது: நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். எங்கே முகாமிடலாம் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவதும் தங்குவதும் குற்றம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சட்டப்படி போய்ச்சேரக்கூடிய முகாம்களில் பல தனியார் எஸ்டேட்களில் இருக்கின்றன. அவற்றின் மண்பாதைகளுக்கு நல்ல டயரும் போதிய உயரமுமே பெரும்பாலும் போதும்.

காகிதங்களில் டெல்லி வண்டிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, மலிவு விலையில் பல வண்டிகள் தெற்கே வந்தன. தடையின்மைச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி எல்லாம் சேர்ந்தால் அந்த மலிவு பெருமளவு கரைந்துவிடும். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறிப் புதுப்பிக்க வேண்டும். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்துடன் நேரில் ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, அபராதங்கள் பாக்கி இருக்கின்றனவா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

விலை பேசும்போது, வாங்கியதும் செய்ய வேண்டிய வேலைகளுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும். இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என ஐந்து இடத்திலும் எண்ணெய் மாற்ற வேண்டும். சாதாரண காருக்கு இரண்டே இடம்தான். பிரேக் திரவம், கூலன்ட், பெல்ட்டுகள், பேட்டரி, முதிர்ந்திருந்தால் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். லோ கியரை மாதம் ஒருமுறையாவது மண்தரையில் போட்டு ஓட்டினால் அதன் இணைப்புகள் இறுகாமல் இருக்கும்.