அச்செழுத்தின் வடிவமும் ஊரின் கலைவாழ்வும்

மொழி நாவில் வாழ்வது. எழுத்து கண்ணில் வாழ்வது. நாவின் மொழிக்கு நம் முன்னோர் இலக்கணம் பல வகுத்தனர். கண்ணின் எழுத்தைப் பற்றியோ நாம் எண்ணுவது மிகக் குறைவு. நூலொன்றை விரித்து வாசிக்கும்போது, அதிலுள்ள ககரமும் ணகரமும் இயல்பாகவே அவ்வண்ணம் அமைந்தன என்று கொள்கின்றோம். உண்மை அஃதன்று. ஒவ்வோர் அச்செழுத்தும் யாரோ ஒருவர் இருந்து வரைந்த சித்திரமாகும். வரைந்தவர் எவ்வூரார், எவ்வெழுத்தைப் பார்த்து வரைந்தார் என்னும் வினாக்கள் ஓர் ஊரின் கலைவாழ்வோடு நெருங்கிய தொடர்புடையன. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் எழுத்து நெடுங்காலம் ஏட்டிலேயே வாழ்ந்தது. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரையும், அண்ணாவிமார் பேணிய வடமோடி, தென்மோடிக் கூத்துக்களும் ஏடு பெயர்த்தெழுதியோர் கைவழியே நமக்கு வந்தவை. எழுத்தாணி ஓலையின் நரம்புவழியே நேராக ஆழ்ந்தால் ஓலை பிளக்கும். புள்ளி அழுந்தினால் துளை விழும். ஆதலின் ஏட்டெழுத்து வளைவை விரும்பிற்று. புள்ளியைப் பெரும்பாலும் கைவிட்டது என்பர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் வேறுபாடின்றிக் கிடந்த நிலையை மாற்றி, அவற்றுக்குத் தனித்தனி வடிவம் வகுத்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பது பலரும் அறிந்தது. கருவியும் கையும் சேர்ந்தே எழுத்தை ஆக்குகின்றன என்பதற்கு ஏடு நல்ல சான்று.

அச்சு வந்தபோது கருவி மாறியது, கையும் மாறியது. 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலுக்கு வேண்டிய எழுத்துக்களைச் செய்தவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார். 1713 இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழெழுத்துக்கள் செருமனி நாட்டு ஹாலே நகரில் செய்யப்பெற்றவை. அவை மிகப் பெரியனவாய்க் கடதாசியை விழுங்கினமையால், பின்னர்ச் சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. சென்னை அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தில் பி. ஆர். ஹன்ட் என்பவர் செம்மைப்படுத்திய நுண்ணிய எழுத்துக்களைக்கொண்டு 1862 இல் வின்சுலோ அகராதி வெளிவந்தது. ஆறுமுக நாவலரும் 1849 இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்தே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை 1947 இல் வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச்சங்கம். புலமை நம்முடையதாயினும் அதனைத் தாங்கிய எழுத்து வேற்றூரில் உருவானது. இது குறைகூறற்கு உரியதன்று. உலோக எழுத்தின் இயல்பு அத்தகையது. ஒவ்வோர் எழுத்துக்கும் உருக்கில் முத்திரை வெட்டி, அதனைச் செம்பில் அழுத்தி, அவ்வச்சில் ஈயக்கலவையை வார்க்க வேண்டும். இப்பெருஞ்செலவு தனியொருவர்க்கும் சிற்றூருக்கும் எட்டாதது.

இத்தடையைத் தனியாள் முயற்சியால் முதலில் தாண்ட முயன்றோருள் ஒருவர், 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர் அவரே. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985 இல் ‘முரசு’ என்னும் கணினி மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளோடு வரும் ‘இணைமதி’ முதலிய தமிழ் எழுத்துருக்கள் அவர் ஆக்கியவை. ஈயமும் உலையும் இன்றி, ஒரு மேசையும் கணினியும் பொறுமையுமே எழுத்தாக்கத்துக்குப் போதுமென்ற காலம் இவ்வாறு பிறந்தது.

பொறுமை என்றது வீண்சொல்லன்று. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளியுடைய மெய் 18 என்பவற்றோடு, ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு விதமாய் முடியும் உகர ஊகார வரிசைகள் 36, இகர ஈகார வரிசைகள் 36, கால், கொம்பு முதலிய குறிகள் என எண்ணினால், 247 எழுத்துக்களை எழுத நூற்றிருபதுக்கு மேற்பட்ட வடிவங்கள் வேண்டும். கிரந்த எழுத்தும் எண்ணும் இதற்குப் புறம்பு. இவை யாவும் ஒரே கையால் எழுதப்பட்டன போலத் தோன்ற வேண்டும். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் சிறிய அளவில் அச்சிடும்போது மை பரவிச் சுழி அடைபட்டால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். சுழியை எவ்வளவு திறந்து வைப்பது என்பது வரைவோன் தீர்க்க வேண்டிய நுட்பமான கணக்கு.

இவ்வகை எழுத்தாக்கம் ஓர் ஊரின் கலைவாழ்விலிருந்து எவ்வாறு முளைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. விளம்பரம் ஒட்டக்கூடாது என்னும் அறிவித்தலை இலங்கையில் மதில்தோறும் காண்கின்றோம். தகட்டிலே எழுத்தை வெட்டி, மதிலில் வைத்து, மேலே வர்ணம் பூசிப் பதிப்பது அதன் முறை. மூடிய சுழியை முற்றாக வெட்டினால் நடுத்துண்டு உதிர்ந்துவிடும். ஆதலின் தகட்டை வெட்டுவோர் ஆங்காங்கே ஒடுங்கிய பாலம் விட்டு எழுத்தை உடைத்து வெட்டுவர். கொழும்பைச் சேர்ந்த மூனியாக் என்னும் எழுத்தாக்கக் குழுவினர், கற்றோர் எவரும் கலையெனக் கருதாத இவ்வடிவத்தை எடுத்து ‘போஸ்ட் நோ பில்ஸ்’ என்னும் எழுத்துருக்களை ஆக்கினர். சிங்களத்துக்கு உரியதற்குக் கொழும்பின் பெயரும், தமிழுக்கு உரியதற்கு யாழ்ப்பாணத்தின் பெயரும் இட்டனர். திறந்த உரிமத்துடன் வெளியிட்டமையால் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். தெருவின் எழுத்து நூலுக்கு ஏறிய வரலாறு இது. இலங்கையரான தாரிக் அஸீஸ், கையெழுத்தின் சாய்வைத் தழுவிய ‘கவிவாணர்’, எளிய தோற்றமுடைய ‘பவனம்’ என்னும் தமிழ் எழுத்துருக்களை இவ்வாறே பொதுப்பயனுக்கு அளித்துள்ளார்.

இம்முயற்சிகள் வெறும் அலங்காரத்தின்பாற்பட்டன அல்ல. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் மும்மொழிப் பெயர்ப்பலகைகளிற் பிற எழுத்துக்கள் நிமிர்ந்து நிற்கத் தமிழ் நெரிந்தும் பிழைபட்டும் நிற்கக் காண்பது அரிதன்று. தமிழ்ச்சொல் நீளமானது. ஆங்கிலத்துக்கு அளந்த இடத்தில் அதனை அடைக்க முயலும்போது எழுத்து பக்கவாட்டில் நசுக்கப்படுகின்றது. ஒடுங்கிய இடத்திலும் சுழி திறந்து நிற்குமாறு தமிழுக்கென வரைந்த எழுத்துரு இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும். சட்டம் கொடுத்த இடத்தை மதிப்போடு நிரப்புவது எழுத்தாக்குவோன் கையில் உள்ளது.

வாவிக்கரைக்கும் இத்துறையில் முதல் உண்டு. கோயிற் பலகைகள், கூத்து அறிவித்தல்கள், கடைமுகப்புக்கள் என்பவற்றில் தூரிகையால் எழுதியோரின் கைவண்ணம் இன்னும் சில இடங்களில் எஞ்சியுள்ளது. கணினியில் அச்சிட்ட பதாகைகள் பெருகப் பெருக அது மறைந்து வருகின்றது. ஏட்டெழுத்தும் வீடுகளிலும் கோயில்களிலும் செல்லரிக்கின்றது. இவற்றைப் படம்பிடித்து, எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஊரும் காலமும் குறித்துத் தொகுத்தல் மாணவராலும் இயலும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலேயே கட்புலக்கலை பயிற்றுகின்றது. தொகுப்பும் பயிற்சியும் கூடினால், மட்டக்களப்பின் பெயர் தாங்கிய எழுத்துரு ஒன்று தோன்றுதல் அரிய செயலன்று. அவ்வெழுத்தில் நம் கல்லூரி மலர் ஓராண்டு அச்சாகுமாயின், சொல்லோடு எழுத்தும் நம் ஊரினதாகும். அதற்கு வேண்டிய முதல் வேலை, நாள்தோறும் கடந்து செல்லும் பலகைகளை நின்று பார்த்தலே.