ஓப்பன் ஆபிஸ்

ஓப்பன் ஆபிஸ் (முழுப்பெயர்: ஓப்பன் ஆபிஸ்.ஆர்க்) என்பது உரை ஆவணங்கள், விரிதாள்கள், நிகழ்த்துகைகள் முதலியவற்றை உருவாக்கப் பயன்படும் கட்டற்ற அலுவலக மென்பொருள் தொகுப்பு ஆகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இதன் மூலநிரலை வெளியிட்டது. அந்தப் பெயரிலான திட்டம் 2011இல் முடிவுற்றது. இன்று லிப்ரே ஆபிஸ், அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் ஆகிய இரண்டும் அதன் வழித்தோன்றல்களாக உள்ளன. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் இக்குடும்பத்து மென்பொருள்களே இடம்பெற்று வந்துள்ளதால், உத்திரமேரூர் போன்ற ஊர்களில் கணினிப் பாடம் பயிலும் மாணவரும் இதனைப் பாடநூல் வழியாகவே அறிந்துகொள்கின்றனர்.

வரலாறு

ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்கோ போரிஸ் தமது பதின்ம வயதில், 1985இல், ஸ்டார் ரைட்டர் என்னும் சொற்செயலியை உருவாக்கினார். அது வளர்ந்து ஸ்டார் ஆபிஸ் என்னும் தொகுப்பாயிற்று. 1999இல் சன் நிறுவனம் அதனை வாங்கியது. தன் ஊழியர் அனைவருக்கும் மைக்ரோசாப்ட் ஆபிஸ் உரிமம் பெறுவதைக் காட்டிலும் அந்த நிறுவனத்தையே வாங்குவது மலிவாக இருந்தது என்று சன்னில் பணியாற்றிய சைமன் ஃபிப்ஸ் பின்னாளில் கூறியுள்ளார். 2000 அக்டோபர் 13 அன்று மூலநிரல் பொதுவெளிக்கு வந்தது. பதிப்பு 1.0 2002இலும், பதிப்பு 2.0 2005இலும் வெளியாயின. ‘ஓப்பன் ஆபிஸ்’ என்னும் வணிகக்குறி வேறொருவர் வசம் இருந்ததாலேயே பெயரில் ‘ஆர்க்’ ஒட்டிக்கொண்டது.

2010 சனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. தனியொரு நிறுவனத்தின் கையில் திட்டம் இருப்பதை விரும்பாத பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஆவண அறக்கட்டளையை அறிவித்து, லிப்ரே ஆபிஸ் என்னும் கிளையைத் தொடங்கினர். ஆரக்கிள் 2011இல் ஓப்பன் ஆபிசை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அப்பாச்சியின் உரிமம் தளர்வானது. ஆகவே அதன் நிரல் லிப்ரே ஆபிசுக்குச் செல்லலாம். லிப்ரே ஆபிசின் நிரல் இங்கே வர இயலாது. இந்த ஒருவழிப் பாதை வளர்ச்சியின் வேகத்திலும் தெரிகின்றது. புதிதாக நிறுவ விரும்புவோர் லிப்ரே ஆபிசைத் தெரிவது நல்லது.

கூறுகள்

ரைட்டர் (சொற்செயலி), கால்க் (விரிதாள்), இம்ப்ரெஸ் (நிகழ்த்துகை), டிரா (வரைகலை), பேஸ் (தரவுத்தளம்), மேத் (கணிதச் சமன்பாடு) என்பன இதன் கூறுகள். பேஸ் பதிப்பு 2.0இல் சேர்க்கப்பட்டது.

கோப்பு வடிவம்

இத்தொகுப்பின் முதன்மைப் பங்களிப்பு அதன் கோப்பு வடிவமே எனலாம். திறந்த ஆவண வடிவம் எனப்படும் இது 2005 மே மாதத்தில் ஓயாசிஸ் அமைப்பின் சீர்தரமாகவும், 2006இல் ஐ.எஸ்.ஓ. 26300 என்னும் பன்னாட்டுச் சீர்தரமாகவும் ஏற்கப்பட்டது. ரைட்டரில் சேமித்த ஒரு கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி ஆகும். அதனைப் பிரித்தால் உரைக்கு ஒன்று, பாணிகளுக்கு ஒன்று எனச் சில எக்ஸ்.எம்.எல். கோப்புகள் கிடைக்கும். உரைக் கோப்பைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தாலே எழுதியதைப் படிக்கலாம். இவ்வடிவத்தின் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டுள்ளதால், ஓப்பன் ஆபிசே இல்லாமற் போனாலும் எவரும் அதனைப் படிக்கும் நிரலை எழுதிக்கொள்ளலாம்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் (கி.பி. 919, 921) இன்றும் படிக்கும் நிலையில் உள்ளன. அவ்வூர்க்காரர் ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த சங்கத் தீர்மானத்தை இன்று திறந்தால் வெறும் குப்பையெழுத்துகள் தோன்றக்கூடும். அதற்குக் காரணம் கோப்பு வடிவம் மட்டுமன்று. எழுத்துக் குறியேற்றமும் ஆகும்.

தமிழ்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ பிற குறியீடுகளின் இடத்திலோ வைக்கப்பட்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உரை சிதைந்து தோன்றும். எழுத்துரு இருந்தாலும் சிக்கல் தீராது. இவற்றில் கொம்பு முதலில் சேமிக்கப்படுவதால், விரிதாளில் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தும்போது செல்வி, பெருமாள், வெங்கடேசன் ஆகிய மூவரும் ‘கொம்பு’ வரிசையில் ஓரிடத்தில் குவிந்துவிடுவர்.

ஒருங்குறியில் மெய்யெழுத்தின் குறி முதலிலும் கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது மென்பொருளின் வேலை. ஆயினும் ஒருங்குறி எண்களின் வரிசை தமிழ் நெடுங்கணக்கு அன்று. எடுத்துக்காட்டாக, ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும் ‘ப’வுக்கு முன்னும் வருகின்றது. எனவே கால்க்கில் வரிசைப்படுத்தும்போது விருப்பத்தேர்வுகளில் மொழியாகத் தமிழைத் தெரிவு செய்தல் வேண்டும்.

ஓப்பன் ஆபிஸ் 2003இல் வெளியான 1.1 பதிப்பிலிருந்தே இத்தகைய எழுத்துமுறைகளுக்கு ஆதரவு அளித்து வந்தது. லிப்ரே ஆபிஸ் 5.3 (2017) முதல் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே எழுத்து வடிவாக்கப் பொறி பயன்படுகின்றது. புதியவர்களைக் குழப்பும் ஒரு கூறு உண்டு. ரைட்டர் ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். ஆகையால் பாணியில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ‘தமிழ் மாறவில்லையே’ எனத் திகைப்பது வழக்கம்.

இடைமுகத்தைத் தமிழாக்கும் பணியில் முகுந்தராசின் ‘தமிழா!’ குழுவினர் தொடக்கத்திலேயே ஈடுபட்டனர். எ-கலப்பை விசைப்பலகைச் செயலியும் இக்குழுவினுடையதே. 2005 ஏப்ரலில் இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுவட்டில், சி-டாக் உருவாக்கிய பாரதீய ஓப்பன் ஆபிசின் தமிழ்ப் பதிப்பு இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

2005 அளவில் தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆபிசைக் கற்பித்தது. 2018இல் வந்த 11ஆம் வகுப்புப் பாடநூலில் ஓப்பன் ஆபிசின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியன பாடங்களாயின. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. அதற்கு முன்பே எல்காட் நிறுவனம் தன் அலுவலகப் பணிகளுக்கு லினக்சையும் ஓப்பன் ஆபிசையும் ஏற்றிருந்தது. 2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய சீர்தரமாக அறிவித்தது.

பழைய ஆவணங்களை மாற்றுதல்

பாமினியில் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்த ஆவண வடிவில் மறுபடி சேமிப்பதால் மட்டும் அது ஒருங்குறிக்கு மாறிவிடாது. பொதியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே ஆங்கில எழுத்துகளே இருக்கும். குறியேற்ற மாற்றியின் வழியே உரையைச் செலுத்திய பின்னரே சேமித்தல் வேண்டும். ஆவணத்தில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருப்பின் அவற்றையும் மாற்றி தமிழெனக் கருதிச் சிதைத்துவிடும். ஆதலால் பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிவு செய்து மாற்றுவதும், மூலக்கோப்பின் படியொன்றை வைத்துக்கொள்வதும் பாதுகாப்பானது.