தோசைக்கல்லின் கருப்பு

பல வருடம் தோசை வார்த்த கல்லில் படிந்திருக்கும் கருப்பு அழுக்கல்ல. விவரம் தெரியாமல் யாராவது அதைக் கம்பி நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால் வீட்டில் ரகளை நடப்பது நியாயம்தான். அந்தக் கருப்பில் பெரும்பங்கு எண்ணெய். திரவமாக ஊற்றிய நல்லெண்ணெய், சூட்டிலும் காற்றிலும் உருமாறி, இரும்போடு ஒன்றிப்போன கெட்டிப் படலம் அது.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள் உண்டு. சில சங்கிலிகளில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கும். சூடு ஏறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களில்தான் புகுகிறது. புகுந்த இடத்தில் ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது; அது இன்னொன்றை. கடைசியில் தனித்தனி மூலக்கூறுகள் காணாமல் போய், ஒரே வலையாகிவிடுகிறது. தண்ணீரில் கழுவினாலும் போகாது. ஐரோப்பிய ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைத்ததும் இதே வேதியியலை நம்பித்தான். அவர்களுக்கு அடுப்பு தேவைப்படவில்லை, நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. இரட்டைப் பிணைப்பு இரண்டு கொண்ட லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம். தேங்காய் எண்ணெயிலோ ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜன் புக அதிக இடம் கிடைப்பதில்லை. கல்லைப் பழக்க நல்லெண்ணெய் தேர்ந்த பாட்டிகளுக்கு லினோலிக் அமிலத்தின் பெயர் தெரிந்திருக்காது. தேர்வு சரியாகவே இருந்தது.

புதுக் கல் வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணெயின் அளவில். தாராளமாக ஊற்றினால் மேல்பகுதி மட்டும் இறுகி, அடியில் பிசுபிசுப்பு நின்றுவிடும். கல்லை நன்றாகக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தடவி, பிறகு தடவியதையெல்லாம் துடைத்தே எடுத்துவிட வேண்டும். துடைத்தபின் மிஞ்சுகிற மெல்லிய பூச்சு போதும். புகை லேசாகக் கிளம்பும்வரை சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடியும் அதையே செய்யவேண்டும். இப்படிப் பலமுறை செய்தால்தான் கல் பழகும். முதல் சில தோசைகள் பிய்ந்துதான் வரும். அதற்காகக் கல்லைத் திட்டிப் பயனில்லை.

கல்லின் கனத்துக்கும் கணக்கு உண்டு. மாவிலிருந்து 10 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 22,500 ஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பு தருவதை ஒதுக்கிவிட்டு, அவ்வளவையும் கல்லே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 2 கிலோ இரும்புக் கல்லின் சூடு 25 டிகிரி இறங்கும். அரைக் கிலோ அலுமினியத் தவாவில் 50 டிகிரி இறங்கும். மாவு விழுந்ததும் சூடு சரிகிற தவாவில் தோசை முறுகுவதற்குப் பதிலாக வெந்து வெளுத்துப் போவது இதனால்தான்.

சூட்டை அளக்க நம் வீடுகளில் இருக்கும் கருவி, விரல்நுனித் தண்ணீர். தெளித்த துளி மெதுவாகக் கொதித்தால் கல் இன்னும் காயவில்லை. சுரீரென்று சத்தமிட்டு மறைந்தால் மாவு ஊற்றலாம். துளி உருண்டு கல்மேல் ஓடி விளையாடினால் சூடு மிஞ்சிவிட்டது. துளியின் அடிப்பாகம் நொடியில் நீராவியாகி, அந்த ஆவி மெத்தை மிச்சத் துளியைக் கல்லில் படாமல் தூக்கிப் பிடிக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்து 1756-இல் இதைப் பற்றி எழுதினார்; நிகழ்வுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் பரப்புவதற்குள் இறுகி, கரண்டியோடு சுருண்டு வரும். ஒரு கை தண்ணீர் தெளித்து, நறுக்கிய வெங்காயத்தால் தேய்த்துச் சூட்டை இறக்கிவிட்டு வார்ப்பதே வழி.

கருப்புப் படலத்துக்கு எதிரிகள் சில உண்டு. புளிக்குழம்பு போன்ற புளிப்பை இரும்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் படலம் அரிபடும், குழம்பில் இரும்பு வாடை ஏறும். புளித்த தோசை மாவும் அமிலம்தான். ஆனால் அது கல்லில் இருப்பது ஓரிரு நிமிடம். எண்ணெயில்லாமல் அதிகச் சூட்டில் நெடுநேரம் காயவிட்டாலும் படலம் கருகி உதிரும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்வது வெறும் சம்பிரதாயமல்ல. ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் துரு.

நான்ஸ்டிக் தவாவை நான் குறை சொல்லவில்லை. 1938-இல் ராய் ப்ளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான், முதல் நாளே ஒட்டாமல் தோசை தரும். ஆனால் சுமார் 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும். கீறல் விழுந்தால் வீட்டில் சரிசெய்யவும் முடியாது. இரும்புக் கல்லில் முழுக்கத் துரு ஏறினாலும் தேய்த்தெடுத்து, எண்ணெயிட்டு, முதலிலிருந்து பழக்கலாம். பரணில் துருப்பிடித்த கல் இருந்தால், விரிசல் இல்லையென்றால், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.